எண்பது நாள், எந்த வருஷத்தில்?

அத்தியாயம் 14

வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் பிரிண்டரிலிருந்து பரிமளா எடுத்துப் பார்த்த காகிதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். புதிய நிதியாண்டில் யார் யாருக்கு ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும் என்ற பட்டியல் அது. பன்னிரண்டு பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்றுதான் இருந்தது. விடுபட்ட பெயர் அவளுடையது. பட்டியலைத் தட்டச்சு செய்தவள் அவளுடைய நாத்தனார் ஸ்வர்ணலதா.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் குழம்பு கொதித்தது, தறி ஓடியது, டி.வி. பாடியது. நாத்தனாரும் தம்பி மனைவியும் மட்டும் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது திங்கட்கிழமை காலை. மார்ச் முப்பது. மறுநாள் மகாவீர் ஜெயந்தி விடுமுறை. அதனால் முப்பத்தொன்றாம் தேதியின் கெடு ஒரு நாள் முன்னதாகவே வந்து உட்கார்ந்துவிட்டது. மாலை ஐந்தே முக்காலுக்குள் பட்டியல் திருவண்ணாமலை தலைமை அலுவலகத்துக்குப் போயாக வேண்டும்.

ஸ்வர்ணலதா குளித்து முடித்துப் பூஜை அறையில் விளக்கேற்றிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தாள். வயது ஐம்பத்தெட்டு. கணவர் போய் இருபது வருஷம். கணக்குப் பிரிவில் இருபத்தொன்பது வருஷம். ரிட்டையர் ஆகப் பதினாலு மாதம் இருக்கிறது. இதுவரை ஒரு மெமோ வாங்கியதில்லை.

பரிமளா இட்லித் தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். எட்டு மாத வயிறு. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. மே மாதம் பதினாலாம் தேதி என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார்.

எதிரில் தம்பி குமரேசன் உட்கார்ந்திருந்தான். இரண்டு தறி வைத்துப் பட்டு நெய்கிறவன். வெள்ளிக்கிழமை அவன் காரணம் கேட்டபோது ஸ்வர்ணலதா மேனேஜர் சொன்னதையே அவனிடம் சொல்லியிருந்தாள். சம்பளத்தோடு பிரசவ லீவு வேண்டுமென்றால் வருஷத்தில் எண்பது நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர்களுக்கு மார்ச் முடிந்ததும் இரண்டு நாள் இடைவெளி விட்டு ஏப்ரல் மூன்றாம் தேதி புது உத்தரவு. புது வருஷத்தில் பரிமளாவுக்கு ஒரு நாள்கூட இல்லை. லீவும் கொடுக்க முடியாது, அவளால் வேலைக்கும் வர முடியாது. அதனால்தான் பெயர் இல்லை.

கணக்குப் பார்க்கிறவளுக்கு அது நியாயமாகவே பட்டது. ஏப்ரல் ஒன்று என்றால் எல்லாம் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

குமரேசனுக்கு மூன்று நாளாக அது தொண்டையில் நின்றுகொண்டிருந்தது போலும்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். கோச்சிக்காத."

"கேளு."

"அந்த எண்பது நாளு எந்த வருசத்துல?"

"எந்த வருசம்னா? நிதியாண்டுதான். ஏப்ரல்லேந்து மார்ச்சு."

"யார் சொன்னது?"

"எல்லா ஆபீஸுலயும் அதான்டா வருசம்."

அவன் சட்னியைத் தொட்டுக்கொண்டு யோசித்தான். "எங்க முதலாளி தீபாவளிக்கு தீபாவளி கணக்கு முடிக்கறாரு. எங்களுக்கு அதான் வருசம். ஆடிட்டருக்குக் காட்டறதுக்கு மட்டும் ஏப்ரல் கணக்கு தனியா போடறாரு. பசங்களுக்கு ஜூன்ல வருசம் பொறக்குது. ஆளுக்கு ஒரு வருசம் வச்சிகினு இருக்கோம். அந்த சட்டத்த எழுதினவன் எந்த வருசத்த நெனைச்சிகினு எழுதினான்? நீ படிச்சியா?"

ஸ்வர்ணலதா படிக்கவில்லை.

ஷேர் ஆட்டோவில் ஸ்வர்ணலதாவும் பரிமளாவும் ஆபீஸுக்கு ஒன்றாகத்தான் போனார்கள். நடுவில் ஒரு பட்டுப்பை வைத்த அம்மாள். மார்க்கெட் திருப்பத்தில் ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது பரிமளாவின் கை வயிற்றுக்குப் போனது. ஸ்வர்ணலதாவின் கையும் தானாக நீண்டது. பரிமளா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நீண்ட கையை ஸ்வர்ணலதா மடியில் வைத்துக்கொண்டாள்.

நெசவாளர் குடும்பங்களுக்கு அட்டை பதிந்து கொடுக்கும் ஒரு திட்டத்தின் ஆரணிக் கிளை அலுவலகம் அது. முன்னறையில் பன்னிரண்டு கம்ப்யூட்டர். பின்னறையில் கணக்குப் பிரிவு. அதற்கும் உள்ளே மேனேஜர் லோகநாதனின் அறை. மார்ச் கடைசி என்பதால் மேஜைக்கு மேஜை பில் கட்டுகள் குவிந்திருந்தன. போன் மணி ஓயவில்லை.

ஸ்வர்ணலதா பில் கட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் மகப்பேறு சட்டத்தைத் தேடி எடுத்தாள். ஆங்கிலத்தில் இருந்தது. ஐந்தாம் பிரிவு. ஒருமுறை படித்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். சந்தேகம் தீராமல் மூன்றாம் முறை வரியின் மேல் விரலை வைத்துப் படித்தாள்.

பிரசவம் எதிர்பார்க்கப்படும் தேதிக்கு நேர் முன்னே உள்ள பன்னிரண்டு மாதத்தில் எண்பது நாள். அவ்வளவுதான். நிதியாண்டு என்ற சொல் அந்த வரியில் இல்லை. ஏப்ரலும் இல்லை, மார்ச்சும் இல்லை.

வேலையில் சேர்ந்த புதிதில் பயிற்சி வகுப்பில் ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் 1867-க்கு முன்னால் அரசாங்கக் கணக்கு மே மாதம் ஒன்றாம் தேதி தொடங்கியதாம். பிறகு தங்கள் தேசத்துக் கணக்கோடு ஒத்துப்போகட்டும் என்று ஏப்ரலுக்கு இழுத்துக்கொண்டார்களாம். பரீட்சைக்கு அதை எழுதி மார்க் வாங்கிய ஸ்வர்ணலதா, வருஷம் என்பது யாரோ உட்கார்ந்து தீர்மானித்த ஒன்று என்பதை அத்தோடு மறந்துபோனாள். இருபத்தொன்பது மார்ச்சுகளில் அது சூரியன் உதிக்கிற மாதிரி ஆகிவிட்டது.

இந்தச் சட்டம் வேறு மாதிரி தீர்மானித்திருந்தது. பிள்ளை சுமக்கிற ஒவ்வொருத்திக்கும் அவளுக்கென்று ஒரு வருஷம். அவளுடைய நாளில் முடிகிற வருஷம். பரிமளாவின் வருஷம் மே பதினாலில் முடிகிறது.

ஸ்வர்ணலதா அருள்தாஸைக் கூப்பிட்டு வருகைப் பதிவேடுகளைக் கேட்டாள். அருள்தாஸ் அலுவலக உதவியாளர். எந்தக் காகிதம் எந்த அலமாரியில் என்பது அவருக்கு மட்டும் தெரியும். போன மே மாதத்திலிருந்து பதிவேடுகளை வரிசையாக எடுத்துக்கொண்டு வந்தார். ஸ்வர்ணலதா பரிமளாவின் கையெழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். வாந்தி எடுத்துக்கொண்டே வேலைக்கு வந்த செப்டம்பர். காய்ச்சலில் ஐந்து நாள் வராத நவம்பர். கால் வீங்கிய பிப்ரவரியில் ஒரு நாள்கூட விடவில்லை. மொத்தம் இருநூற்றாறு நாள்.

எண்பது போதும் என்கிறது சட்டம்.

அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் குறிப்பு எழுதினாள். முதல் வரியிலேயே, இந்தப் பணியாளர் என் தம்பியின் மனைவி என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன் என்று எழுதினாள். அடுத்து சட்டத்தின் வரி, நாள் கணக்கு, பட்டியலில் பெயர் சேர்க்கப்பட வேண்டும் என்ற கோரிக்கை. கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

லோகநாதன் போளூர்க்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. மேலே இருந்து வருகிற அதட்டலை அப்படியே கீழே இறக்கிவிடத் தெரியாமல் தானே வாங்கி வைத்துக்கொண்டு, வயிற்று எரிச்சலுக்கு மாத்திரை போடுகிறவர். குறிப்பை முழுவதும் படித்தார்.

"வியாழக்கிழமை நீங்களும் சரின்னுதானே சொன்னீங்க மேடம்?"

"அன்னிக்கி நான் படிக்கல சார்."

அவர் தன் கஷ்டத்தைச் சொன்னார். ஜூன் மாதத்துக்குள் நாலாயிரம் அட்டை பதிய வேண்டும். பரிமளா பெயர் பட்டியலில் இருந்தால் அவள் இடத்துக்கு வேறு ஆள் தரமாட்டார்கள். பதினொரு பேரை வைத்துக்கொண்டு பன்னிரண்டு பேர் வேலை வாங்க வேண்டும். ஜூனில் கேள்வி அவரைத்தான் கேட்பார்கள். போதாததற்கு இவள் கணக்காளரின் சொந்தக்காரி. நாளைக்கு ஒருவன் மொட்டைக் கடுதாசி போட்டால் அதற்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஸ்வர்ணலதா குறிப்பைத் திரும்ப வாங்கவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

லோகநாதன் பேனாவை மூடித் திறந்தார். "மேல கேட்டா காட்டறதுக்கு எனக்கு ஒண்ணு வேணும் மேடம். நம்ம ஆபீஸுல இதுக்கு முன்னாடி இந்த மாதிரி கேஸ் வந்திருக்கா, இன்னா பண்ணியிருக்காங்கன்னு பழைய ஃபைலப் பாருங்க. குடுத்திருந்தாங்கன்னா அத வச்சி நான் இன்னிக்கே கையெழுத்து போட்டுர்றேன்."

அது நியாயமான வார்த்தைதான். ஸ்வர்ணலதாவுக்குத் தெம்பு வந்தது.

ஒப்பந்தப் பணியாளர் கோப்புகளை அருள்தாஸ் ஏணி போட்டு ஏறி எடுத்துக் கொடுத்தார். போன வருஷத்துக் கோப்பில் ஒன்றும் இல்லை. அதற்கு முந்திய வருஷத்துக் கோப்பில், நாடாவை அவிழ்த்து நாற்பது பக்கம் தள்ளியபோது ஒரு மனு கிடைத்தது.

ரேணுகா, படவேடு. நாலு வருஷமாக டேட்டா என்ட்ரி. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் பிரசவம் எதிர்பார்க்கப்படுகிறது. மகப்பேறு விடுப்பு அளித்து, விடுப்பு முடிந்ததும் மீண்டும் பணியில் சேர அனுமதிக்க வேண்டுகிறேன். கீழே ஒரு போன் நம்பர். குண்டு குண்டான, பள்ளிக்கூடத்துக் கையெழுத்து.

அடுத்த பக்கத்தில் அலுவலகக் குறிப்பு. மூன்றே வரி.

ஒப்பந்தக் காலம் மார்ச் 31-உடன் முடிவடைகிறது. புதிய நிதியாண்டில் பணிநாட்கள் ஏதும் இல்லாததால் கோரிக்கை பரிசீலிக்கத் தக்கதல்ல. கோப்பினை முடிக்கலாம்.

அதன் கீழே அப்போதைய மேனேஜரின் ‘ஏற்கப்பட்டது.’ குறிப்புக்கு ஓரத்தில் சின்னதாக ஒரு சுருக்கக் கையெழுத்து.

ஸ்வ.

ஸ்வர்ணலதா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். வியாழக்கிழமை லோகநாதன் சொன்னபோது எவ்வளவு சரியாக இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது ஏன் என்று இப்போது புரிந்தது. அது அவருடைய வாதமே இல்லை. அவளுடையது. இவள் எழுதி வைத்தது ஒரு மேனேஜர் மாறி இன்னொரு மேனேஜர் காதுக்குப் போய், இவளிடமே திரும்பி வந்திருக்கிறது.

ரேணுகாவின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். முகம் வரவில்லை. அதுவும் ஒரு மார்ச் கடைசி. மேஜைக்குப் பக்கத்தில் யாரோ பிளாஸ்டிக் கவரோடு வந்து நின்றார்கள். நிழல் பேரேட்டின் மேல் விழுந்தது. கொஞ்சம் தள்ளி நில்லும்மா, வெளிச்சம் மறைக்குது என்று சொன்னது நினைவிருந்தது. அவ்வளவுதான் நினைவிருந்தது.

கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். இப்படி ஒரு கேஸ் வந்ததே இல்லை என்று சொல்லிவிடலாம். லோகநாதன் வேறு வழியில்லாமல் சட்டத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாலும் போடுவார். இதைக் காட்டினால், நீங்களே முடியாது என்று எழுதியிருக்கிறீர்களே என்பார். பரிமளாவின் பெயரும் போகும். ரிட்டையர் ஆகப் பதினாலு மாதம் இருக்கும்போது முதல் மெமோவும் வரும்.

சாப்பாட்டு நேரத்தில் முன்னறை காலியானது. எல்லாரும் டிபன் டப்பாவோடு மாடிக்குப் போய்விட்டார்கள். மாடி ஏற முடியாத பரிமளா மட்டும் தன் இடத்திலேயே சாப்பிட்டாள். தண்ணீர் பாட்டில் நிரப்பப் பின்னறைக்கு வந்தவள், அவள் அண்ணி என்று கூப்பிடும் நாத்தனார் டப்பாவைத் திறக்காமல் ஒரு கோப்பைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு நின்றாள்.

ஸ்வர்ணலதா கோப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். தன் புதிய குறிப்பையும் பக்கத்தில் வைத்தாள்.

பரிமளா நின்றுகொண்டே முதலில் புதியதைப் படித்தாள். அண்ணி தனக்காக எழுதியது. அவள் முகத்தில் நாலு நாள் இறுக்கம் சற்றே இளகியது. பிறகு பழையதைப் படித்தாள். ஓரத்துக் கையெழுத்து வரை படித்தாள்.

"ரேணுகாக்கா சீட்டுலதான் நான் உக்காந்துகினு இருக்கேன்," என்றாள். நாலு நாளில் அவள் அண்ணியிடம் பேசிய முதல் வார்த்தை அது. "அவங்க தானா வேலைய வுட்டுட்டாங்கன்னுதான் எல்லாரும் சொன்னாங்க."

"தானா வுடல."

"இத சார் பாத்துட்டாரா?"

"இன்னும் இல்ல."

பரிமளா பாட்டிலை மேஜையில் வைத்தாள். அடுத்த கேள்வியைக் கேட்க அவளுக்கு நேரம் பிடித்தது. "இத அவருக்குக் காட்டலேன்னா எனக்குக் கெடைக்குமா அண்ணி?"

"கெடைக்கலாம்."

"காட்டினா?"

"தெரியல."

ஜன்னலுக்கு வெளியே ஒரு டெம்போ பின்னால் வந்து நின்றது.

"எனக்கு இன்னா சொல்றதுன்னு தெரியல அண்ணி," என்றாள் பரிமளா கடைசியில். "காட்டாதீங்கன்னு சொல்ல வாய் வரல. காட்டுங்கன்னு சொல்லவும் மனசு வரல. நான் தண்ணி புடிக்க வராமலே இருந்திருக்கலாம்."

பாட்டிலில் முன்பிருந்த பாதித் தண்ணீர்தான் இருந்தது. அதோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஸ்வர்ணலதா டப்பாவை மூடிப் பையில் வைத்தாள். காலையில் எழுதிய குறிப்பை எடுத்தாள். கையெழுத்துக்குக் கீழே இடம் இருந்தது. அங்கே எழுதத் தொடங்கினாள்.

இரண்டாண்டுகளுக்கு முன் ரேணுகா என்பவரின் மனுவில் என்னால் எழுதப்பட்ட குறிப்பு தவறானது. சட்டத்தைப் படிக்காமல், நிதியாண்டையே சட்டம் சொல்லும் ஆண்டு எனக் கருதி எழுதிவிட்டேன். அந்தத் தவறை முன்னுதாரணமாகக் கொள்ள வேண்டாம். அந்த மனுவையும் மறுபடி பரிசீலிக்கக் கோருகிறேன்.

இதற்கும் ஒரு கையெழுத்து. இம்முறை சுருக்கமாக ‘ஸ்வ’ என்று போடவில்லை. முழுப் பெயரையும் எழுதினாள்.

லோகநாதன் பழைய பக்கத்தைப் படித்தபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை அவள் பார்த்தாள். காரணம் கிடைத்துவிட்ட நிம்மதி. அடுத்துப் புதிய வரிகளைப் படித்தபோது அது போய்விட்டது.

"மேடம், இத எழுதணுமா?"

"எழுதிட்டேன் சார்."

"பழைய கேஸு முடிஞ்சிபோச்சு. யாரும் கேக்கல. இத நான் மேல அனுப்பினா மொதல்ல உங்களுக்குத்தான் மெமோ வரும். ரிட்டையர் ஆவற நேரத்துல பென்ஷன் பேப்பர் பேஜாராயிடும்."

"வரட்டும் சார். அந்தப் பொண்ணுக்கு நான் எழுதினது தப்பு. அது தப்புன்னா, அதையே காட்டி பரிமளாவுக்கு இல்லேன்னு சொல்ல முடியாது. அது சரின்னு வச்சிக்கணும்னா, சட்டத்துல அப்படி ஒரு வரி இருக்கணும். இருந்தா காட்டுங்க, நான் பேசாம போயிடறேன்."

லோகநாதன் சட்ட நகலை இழுத்துப் பார்த்தார். அவரும் அந்த வரியின் மேல் விரல் வைத்துத்தான் படித்தார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து மாத்திரை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். யோசிக்க அரை மணி நேரம் வேண்டும் என்றார்.

அந்த அரை மணி ஒன்றரை மணியாக நீண்டது. ஸ்வர்ணலதா பில்களைப் பார்த்தாள். நாலு மணிக்கு மேல் முன்னறையில் ஒருவரும் வேலை பார்க்கவில்லை. பார்ப்பது போல் உட்கார்ந்திருந்தார்கள். செய்தி எப்படியோ பரவியிருந்தது. அருள்தாஸ் கேட்காமலே ஸ்வர்ணலதாவுக்கு டீ கொண்டுவந்து வைத்தார்.

ஐந்து பத்துக்கு லோகநாதன் அறையில் போன் அடித்தது. கதவு பாதி திறந்திருந்ததால் அவர் பேசுவது கேட்டது. திருவண்ணாமலையிலிருந்து பட்டியலைக் கேட்கிறார்கள். அனுப்புகிறேன் சார், ஆமாம் சார் என்றார். எத்தனை பேர் என்று கேட்டிருக்க வேண்டும்.

பேனா மூடியைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"பன்னெண்டு பேர் சார்," என்றார் லோகநாதன். "இல்ல சார், பதினொண்ணு இல்ல. ஒருத்தங்க பிரசவ லீவுல போறாங்க. சட்டப்படி பேரு இருக்கணும். நோட் போட்டிருக்கேன் சார். பாருங்க."

எதிர்முனையில் நீளமாக ஏதோ சொன்னார்கள். அவர் எல்லாவற்றுக்கும் சார், சார் என்றார். ஆனால் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை.

பட்டியலில் பன்னிரண்டாவது பெயரை ஸ்வர்ணலதாவே தட்டச்சு செய்தாள். லோகநாதன் கையெழுத்துப் போட்டார். ஐந்து முப்பத்தெட்டுக்கு அது போனது. ரேணுகாவின் கோப்பை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ‘பேசுக’ என்று எழுதித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். இந்த மாதிரி ஒற்றைச் சொல்லுக்கு ஆபீஸ் வழக்கில் பல அர்த்தம் உண்டு. நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு.

"புதன்கிழமை பேசலாம் மேடம்," என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் பரிமளா நடுவில் உட்கார்ந்தாள். கோட்டை மைதானம் தாண்டியதும் வாயைத் திறந்தாள்.

"மெமோ குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

பரிமளா தலையை ஆட்டிக்கொண்டாள். கொசப்பாளையத்துத் தெருவுக்குள் ஆட்டோ திரும்பியபோது கேட்டாள்:

"ராத்திரிக்கு இன்னா பண்ணட்டும் அண்ணி? காலைல அரைச்ச மாவு கொஞ்சம் இருக்குது."

ஸ்வர்ணலதா, தோசை போதும் என்றாள்.

குமரேசன் தறியிலிருந்து இறங்கி வந்து விஷயம் கேட்டான். கேட்டு முடித்ததும், அப்ப அந்தப் படவேட்டுப் பொண்ணு, என்று ஆரம்பித்து, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

மனுவிலிருந்த போன் நம்பரை ஸ்வர்ணலதா உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். வியர்வையில் ஒரு எண் கலைந்திருந்தது. ஆறா எட்டா என்று தெரியவில்லை. ஆறு போட்டாள். ஒரு ஆண் எடுத்து ராங் நம்பர் என்றான். எட்டு போட்டாள்.

வெகுநேரம் அடித்தது. பிறகு ஒரு பெண் குரல். பின்னால் ஒரு குழந்தை எதையோ தட்டி விளையாடிக்கொண்டிருந்தது.

ஸ்வர்ணலதா தன் பெயரைச் சொன்னாள். ஆரணி ஆபீஸ் என்றாள். எதிர்முனையில் தட்டுகிற சத்தம் நின்றது. குழந்தையின் கையிலிருந்ததை யாரோ வாங்கிவிட்டார்கள்.

சொல்ல வேண்டியதை அவள் வழியெல்லாம் கோத்து வைத்திருந்தாள். எல்லாம் கலைந்துபோய், தாறுமாறாகத்தான் சொன்னாள். சட்டம் என்றாள், எண்பது நாள் என்றாள், உனக்கு நான் எழுதினது தப்பும்மா என்றாள். மறுபடி பரிசீலிக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன், கிடைக்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்றாள். நாளைக்கு விடுமுறை, நேரில் வந்து பார்க்கலாமா என்று கேட்டாள்.

இணைப்பு இருக்கிறதா என்று ஸ்வர்ணலதா போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தாள். இருந்தது.

"காலைல ஏழேகாலுக்கு ஒரு பஸ் இருக்குது மேடம்," என்றது ரேணுகாவின் குரல். கோபமும் இல்லை, குழைவும் இல்லை. "அத வுட்டுட்டா அப்புறம் மதியம்தான்."

"ஏழேகால் பஸ்ஸுக்கே வரேன்மா."

"வரும்போது அந்த ஃபைல எடுத்துகினு வாங்க. எனக்கு இல்லேன்னு ஒருத்தர்தான் வாயில சொன்னாரு. நீங்க இன்னா எழுதினீங்கன்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் யாரும் காட்டல."

கோப்பு லோகநாதனின் அலமாரியில் இருக்கிறது. சாவி அவரிடம் இருக்கிறது. அலுவலகக் கோப்பை வெளியே எடுத்துப் போகக் கூடாது என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக் கொடுத்த பாடம். இதையெல்லாம் சொல்ல ஸ்வர்ணலதா வாயெடுத்தாள்.

அடுப்படியில் பரிமளா முதல் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சரிம்மா," என்றாள் ஸ்வர்ணலதா.